எடுத்ததும் தைத்ததும்

1984 தை மாதம். எங்கள் ஊர்ப் பொங்கல் கபடியில் பாடிப் போன என்னை இரண்டு பேர் இடுப்போடு பிடித்து இழுத்தார்கள். வலது பாதம் மண்ணில் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தம். எழுந்து நிற்கப் பார்த்தேன்; கால் நீளவில்லை. பாதி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டது. எனக்கு அப்போது 20 வயது.

ஊரில் எண்ணெய்க் கட்டுப் போட்டுப் பத்து நாள் பார்த்தார்கள். பிறகுதான் ஆஸ்பத்திரி. “உள்ளே ஜவ்வு கிழிஞ்சு நடுவுல மாட்டிக்கிச்சு தம்பி. அதை எடுத்துட்டா கால் நீட்டலாம். அது இல்லேன்னாலும் ஒண்ணும் ஆகாது” என்றார் டாக்டர். முட்டியைத் திறந்து முழுதாக எடுத்தார்கள். மறுநாள் கிட்னி டிரேயில் கொண்டுவந்து காட்டினார்கள். பிறை போல வளைந்த வெள்ளைத் துண்டு, என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அப்பா அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், தொல்லை விட்டது என்று.

உண்மையிலேயே விட்டது போலத்தான் இருந்தது. கணுக்காலில் மணல் பை கட்டித் தூக்கித் தொடைச்சதையைத் தேற்றினேன். 15 நாளில் நடந்தேன். நான்கு மாதத்தில் மறுபடி களத்தில் இறங்கினேன்.

அந்தப் பிறையின் பெயர் மெனிஸ்கஸ். தொடை எலும்பின் உருண்ட முனை, தட்டையான கீழ்க்கால் எலும்பின் மேல் உட்காரும் இடத்தில், உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இருக்கிறது. உருண்டைக்கும் தட்டைக்கும் நடுவே அணை கொடுத்து, உடம்பின் பாரத்தைப் பரவலாக்குவது அதன் வேலை. முழங்காலில் இறங்கும் பாரத்தில் ஏறக்குறைய பாதியை அது தாங்குகிறது. அதை எடுத்துவிட்டால் அத்தனை பாரமும் ஒரு சிறு புள்ளியில் விழும். குருத்தெலும்பு தேயத் தொடங்கும். தேய்ந்த குருத்தெலும்பு மறுபடி வளராது.

அதற்கான எச்சரிக்கை நான் பிறப்பதற்கு முன்பே அச்சில் இருந்தது. பிரிட்டனின் டி. ஜே. ஃபேர்பேங்க், மெனிஸ்கஸ் எடுக்கப்பட்டவர்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து 1948இல் எழுதினார்: மூட்டு இடைவெளி குறுகுகிறது, எலும்பு ஓரத்தில் மேடு கட்டுகிறது, உருண்ட முனை தட்டையாகிறது. 2004இல் என் எக்ஸ்ரேயிலும் இந்த மூன்றும் இருந்தன. கால் உள்பக்கம் தேய்ந்து, வில்லாக வளையத் தொடங்கியிருந்தது.

தைக்கலாம் என்பதும் புதிய செய்தி அல்ல. எடின்பரோவில் தாமஸ் அனண்டேல் 1883இலேயே ஒரு சுரங்கத் தொழிலாளியின் மெனிஸ்கஸைத் தைத்தார். ஆனால் அதற்குப் பிந்திய பல பத்தாண்டுகள் எடுப்பதே வழக்கமாக இருந்தது. வழியைத் திருப்பியவர்கள் டோக்கியோ மருத்துவர்கள். கென்ஜி தகாகி 1918இல், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயால் இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் பார்த்தார். அவர் வழிவந்த மசாகி வதனபே 1962இல், முட்டியைத் திறக்காமல் சிறு துளை வழியாகவே கிழிந்த பகுதியை மட்டும் எடுத்தார். 1969இல் ஹிரோஷி இகெயுச்சி துளை வழியாகவே தைத்தார். நான் போன ஆஸ்பத்திரியில் அந்தக் கருவி இல்லை. அந்த டாக்டர் தனக்குக் கற்பிக்கப்பட்டதைச் சுத்தமாகச் செய்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

2018இல் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் மத்திய அரசு செயற்கை மூட்டு விலைக்கு உச்சவரம்பு விதித்திருந்தது. கோபால்ட் குரோமிய மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய். அந்த ஆணை இல்லாவிட்டால் நான் நிலத்தை அடகு வைத்திருப்பேன். மேலே ஓர் உலோகம், கீழே ஓர் உலோகம், நடுவில் பாலிஎத்திலீன் தட்டு. டெஃப்லான் தேய்ந்து தோற்றபின், இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962இல் இடுப்பு மூட்டில் வைத்து வென்ற பிளாஸ்டிக் குடும்பம் அது. இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று எடுத்த துண்டின் வேலையை என் காலில் இப்போது அதுதான் செய்கிறது.

மறுவருடம் என் மனைவிக்கு முட்டி வலி. ஸ்கேனில் மெனிஸ்கஸ் கிழிசல். நான் பதறிப்போனேன். டாக்டர் அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார். வயதோடு வரும் கிழிசல் வேறு, விளையாட்டில் கிழிவது வேறு என்று விளக்கினார். பின்லாந்தில் அப்படிக் கிழிந்த 146 பேரில் பாதிப் பேருக்கு உண்மையாகவே வெட்டி எடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெட்டுவது போலச் செய்து காட்டினார்கள். ஓராண்டு கழித்து இரு சாராரின் வலியிலும் வித்தியாசமில்லை. 2013இல் வெளியான ஆய்வு. மனைவி மூன்று மாதம் தொடைக்குப் பயிற்சி செய்தாள். இப்போது மாடிப்படி ஏறுகிறாள்.

2022இல் என் மகள். கல்லூரிக் கபடி, அதே ‘டக்’, அதே பூட்டு. அவளுக்கும் 20 வயது. “எடுக்கிறது சின்ன வேலை சார். தைக்கிறதுக்குத்தான் நேரமும் பொறுமையும் வேணும். தச்சது சில பேருக்குப் பிரிஞ்சும் போகும். ஆனா இந்த வயசுல தைக்க முடியுறதை எடுக்கக் கூடாது” என்றார் டாக்டர். மெனிஸ்கஸின் வெளி ஓரத்துக்கு மட்டுமே ரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்தால் ஒட்டும். அவளுக்கு அங்கேதான் கிழிந்திருந்தது.

இரண்டு துளைகள், நான்கு தையல்கள். ஆறு வாரம் ஊன்றுகோல். ஆறு மாதம் களம் கிடையாது. “உங்களுக்கு 15 நாள்ல நடக்க விட்டாங்களேப்பா” என்று ஒரு நாள் அழுதாள். வேட்டியைத் தூக்கி என் முட்டித் தழும்புகளைக் காட்டினேன்: பக்கவாட்டில் பழைய சிறு தழும்பு, நடுவில் புதிய நீளத் தழும்பு. “சீக்கிரம் நடந்தேம்மா. அதனாலதான் ரெண்டாவது தழும்பு.”

ஆட்டக்காரப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எத்தனை நாளில் நடப்பான் என்று கேட்காதீர்கள். தைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால், அந்த ஆறு மாதத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

மகளின் அறுவை சிகிச்சை வீடியோ என் போனில் இருக்கிறது. டிரேயில் உலர்ந்து கிடந்ததாக நான் பார்த்த வெள்ளைப் பிறை, அதில் ஈரத்தோடு தன் இடத்தில் இருக்கிறது. நூல் இறுகுகிறது, கிழிசலின் இரு ஓரமும் சேர்கின்றன. ஊர்ப் பையன்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தால் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.