தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

பிளானை விரி மாப்ளே, பாப்போம். 1,200 சதுர அடி மனை, அதாவது ரெண்டே முக்கா சென்ட். ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவரு மூக்கை இடிக்குது. நடுவுல ஹாலு. பட்டப்பகல்ல அங்கே வெளிச்சம் எங்கேருந்து வரும்? டியூப்லைட்டா? நல்லது. கரண்டு ஆபீஸ்ல உனக்கு மாலையே போடுவாக.

காரைக்குடிப் பக்கம் செட்டியார் வீடு பாத்திருக்கேல்ல? தெருவுல ஆரம்பிச்சுக் கொல்லை வரைக்கும் நீண்டு கிடக்கும். ஆனா நடுவுல வளவு, வானத்தைப் பாத்துத் திறந்திருக்கும். அறைக எல்லாம் அதைப் பாத்தாப்ல இருக்கும். சூடு மேலே ஏறி அப்படியே வெளியே போயிரும். உன் ரெண்டே முக்கா சென்ட்ல வளவு வெட்டினா, குடியிருக்க வாடகை வீடுதான் தேடணும்.

அதனால, வெளிச்சம் விழுற அறைக்கும் ஹாலுக்கும் நடுச்சுவர்ல ஜன்னல் வை. 7 அடிக்கு மேல வை. ஆளு எட்டிப் பாக்க முடியாது, வெளிச்சமும் காத்தும் தாராளமாப் போகும். ஏசி ரூம்பா? அப்பக் கண்ணாடி போட்டு அடைச்சிரு. இல்லேன்னா ஹாலுக்கும் சேத்து நீதான் குளிருக்குக் காசு கட்டணும். மேலே லிண்டலு ரெண்டு பக்கமும் 6 இஞ்சாவது சுவர்ல ஏறி உக்காரணும். "சின்ன ஓட்டைதானே"ன்னு கொத்தனார் பூசி விட்டா, மூலையில சாய்வா விரிசல் விழும். அதையும் டிசைன்னு சொல்லிக்கலாம், உன் சாமர்த்தியம்.

ராத்திரி பத்து மணிக்கு அந்தக் கண்ணாடியை அண்ணாந்து பாரு. பையன் படிக்கிறேம்பான், கண்ணாடியில நீல வெளிச்சம் மினுங்கும். நீ வாயே திறக்க வேணாம். கண்ணாடி இல்லாத ஜன்னலுக்கோ காது உண்டு. உங்கம்மாவைப் பத்திப் பேசணும்னா நீயும் உன் பொண்டாட்டியும் மொட்டைமாடிக்குப் போயிருங்க.

அடுப்பங்கரைச் சுவர்ல மட்டும் தாராளமா, மூணரை அடி உசரத்துல, அகலமா ஒண்ணு. தோசை கல்லுல இருந்து நேரா உன் தட்டுக்கு வரும். மிளகா வறுத்தா நெடியும் வரும். விருந்தாளி இருமிக்கிட்டே கிளம்பிருவாரு. ஆளைப் பொறுத்து அதுவும் வசதிதான்.

அதுக்கு ஒரு மரக்கதவு போட்டு, தாழ்ப்பாளை அடுப்பங்கரைப் பக்கம் வை. ஹால் பக்கம் வைக்கலாம்னு எஞ்சினியர் சொன்னா, அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு மொதல்ல கேளு.