மூலவர் ஃபைலும் உற்சவர் ஃபைலும்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழி கிடையாது. கை எச்சில், எழுந்து போக முடியாது. போன முகூர்த்தத்தில், ஓசூர் மண்டபம் ஒன்றில், எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். சாம்பாருக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டே, "நீங்க இப்ப கம்ப்யூட்டர்லதான் சிலை செய்றீங்களாமே? மேக்கா, விண்டோஸா?" என்றார். என் வாயில் உருளைக்கிழங்கு இருந்தது. அவருக்குப் பதில் தேவைப்படவும் இல்லை. ரசம் வருவதற்குள் மேக்தான் என்று தீர்ப்பு வழங்கிவிட்டார். மோர் வருவதற்குள் எதிர் வரிசைக்காரர் விண்டோஸ் என்று அப்பீல் போட்டார். இருவரும் வாழ்நாளில் மஞ்சளில் ஒரு பிள்ளையார்கூடப் பிடித்தவர்களாகத் தெரியவில்லை. இந்தச் சண்டையில் பாயசக்காரர் என் இலையைத் தாண்டிப் போய்விட்டார். அது தனிக் கோபம்.

உளி பிடித்த காலத்தில் ஒருத்தராவது என்னை, "எந்தக் கம்பெனி உளி?" என்று கேட்டதுண்டா? கொல்லர் அடித்துக் கொடுப்பார், மழுங்கினால் காய்ச்சித் தட்டிக் கொடுப்பார், அவ்வளவுதான். கோபுரத்துச் சுதை வேலைக்குப் போனால் கரண்டியைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். யாளியின் வாய் சரியில்லை என்று மட்டும் சொல்வார்கள். இன்றைக்கு யாளியைப் பற்றிப் பேச ஆளில்லை. சர்ஜாபூர் பக்கத்து அடுக்குமாடிகளுக்குப் பூஜை அறைக் கதவு செதுக்கிப் பிழைக்கிற ஆள் எந்தக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான் என்பதில்தான் ஊருக்கே அக்கறை. ஓசூர் பக்கத்து எங்கள் பாகலூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குவதால் அறிவுரையும் மூன்று மொழியில் வருகிறது.

சிற்ப வேலைக்கு எதை வாங்குவது என்பதை இந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுங்கள்.

முதலில் எலெக்ட்ரானிக் சிட்டிப் பையன்கள். இங்கே வீட்டுக்கு ஒரு பையன் அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிறான். நம்மைப் பார்த்ததும் அவன் சொல்லும் முதல் வார்த்தை, "அங்கிள், நல்ல கிராஃபிக்ஸ் கார்டா போடுங்க." எதற்கு என்று கேட்டால், "த்ரீடி இல்லையா!" என்பான். சிற்பிகள் பெரும்பாலும் பழகுகிற ஸீபிரஷ் என்ற மென்பொருள் செதுக்கும் வேலையில் கிராஃபிக்ஸ் கார்டை நம்பிப் பிழைப்பதில்லை. ப்ராசஸரும் ரேமும்தான் அதற்குச் சோறு. பல லட்சம் முக்கோணங்களை அந்த இரண்டும்தான் சுமக்கின்றன. இதைச் சொன்னால் பையன் சிரிக்கிறான். உளிக்காரனுக்கு என்ன தெரியும் என்ற சிரிப்பு. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரை அவன் மாப்பிள்ளை இல்லாத கல்யாணமாகப் பார்க்கிறான்.

அடுத்து என் மாமா. மாலூர் ரோட்டில் கர்நாடக எல்லையைத் தாண்டிப் போனால் மாலூர் தாலுகாவில் சிவாரப்பட்டணம்; தெருவெல்லாம் கல் சிற்பிகள் உள்ள ஊர். அத்தையை அங்கேதான் கொடுத்திருக்கிறது. மாமாவையும் அழைத்துக்கொண்டு பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கப் போனேன். கல் எடுக்கும்போது சிற்பி முதலில் தட்டிப் பார்ப்பார். மணியோசை வந்தால் ஆண் கல், தாள ஓசை வந்தால் பெண் கல், ஓசையே எழாவிட்டால் நபும்சகக் கல். மாமா அலுமினிய மேக்புக்கை விரல் முட்டியால் தட்டினார். கடைப்பையன் பதறி ஓடி வந்தான். அடுத்து பிளாஸ்டிக் லேப்டாப். "இது சிலைக்கு ஆகாதுப்பா, வேணும்னா பீடத்துக்கு வெச்சுக்கலாம்" என்றார். விலையைக் கேட்ட பிறகு மேக்கும் பீடத்துக்கே போதும் என்றார்.

அந்த விலை விஷயத்தில் எனக்கு ஓர் ஆற்றாமை உண்டு. ஐபோனின் மேலுறையை டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஓசூர் பக்கம்தான் செய்கிறது. விடியற்காலையில் அந்தத் தொழிற்சாலை பஸ்களுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்பவர்கள் நாங்கள். சட்டை தைக்கிற ஊருக்குத் துணி மலிவாகக் கிடைக்க வேண்டாமா?

மென்பொருளைப் பற்றி ரொம்பப் பேசப்போவதில்லை. ஸீபிரஷை பிக்ஸாலஜிக் என்ற கம்பெனி வைத்திருந்த காலத்தில் ஒருமுறை காசு கட்டினால் அடுத்தடுத்த பதிப்புகள் சும்மா வந்தன. மேக்ஸான் கைக்குப் போன பிறகு சந்தாவாகிவிட்டது. 2024-இல் ஐபேடுக்கும் வந்தது. பிளெண்டர் இலவசம். 2002-இல் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் 1 லட்சம் யூரோ வசூல் செய்து அதைப் பொதுச்சொத்தாக்கினார்கள். கும்பாபிஷேகத்துக்கு ரசீதுப் புத்தகம் தூக்கி அலைந்த எனக்கு அந்த மனிதர்கள்மேல் தனி மரியாதை. நோமட் என்று ஒன்று ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலேயே ஓடுகிறது, விரலாலேயே பிசையலாம். ஸீபிரஷ், பிளெண்டர் இரண்டும் மேக்கிலும் ஓடும், விண்டோஸிலும் ஓடும். ஆகவே பந்தியில் நடந்த வழக்கே தள்ளுபடிக்குரியது.

மெய்யான வழக்கு பட்டறையில் நடக்கிறது. திரையில் செதுக்கியதை மரத்தில் வெட்ட வேண்டுமே! அங்கே உட்கார்ந்திருக்கிறது ஆர்ட்கேம். இங்கிலாந்தில் டெல்கேம் செய்தது. 2014-இல் டெல்கேமை ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2018-இல் ஆர்ட்கேம் விற்பனையை நிறுத்தியது. கம்பெனி கைகழுவிய அந்த மென்பொருள்தான் இன்றும் மரப்பட்டறைகளில் கதவு செதுக்குகிறது. எப்படி என்று கேட்காதீர்கள். அது விண்டோஸை விட்டு அசையாது. அதைவிடக் கிழடு மரம் செதுக்குகிற என் சின்ன மெஷின். மாக்3 என்ற மென்பொருள், பழைய பிரிண்டர்களுக்கு இருந்த பேரலல் போர்ட் வழியாக அதை ஓட்டுகிறது. 64 பிட் விண்டோஸ் போட்டால் அந்தப் போர்ட் வேலை செய்யாது. ஆகவே மூலையில் விண்டோஸ் எக்ஸ்பி. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே எக்ஸ்பிக்குக் கருமாதி செய்துவிட்டது. எங்கள் பட்டறையில் அது மரத்தூள் குடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறது. எனக்கு எந்தக் கம்ப்யூட்டர் என்பதை நானா முடிவு செய்கிறேன்? இந்த மெஷின் முடிவு செய்கிறது.

இனி பென்டிரைவ். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பெரிய மெஷினுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். கையில் பிடிக்கிற ரிமோட் ஒன்று, அதில் சில வரி காட்டும் குட்டித் திரை, பென்டிரைவ் சொருக ஓர் ஓட்டை. பென்டிரைவ் ஃபேட் 32 முறையில் இருந்தால்தான் தொடும். டிசைன் கொண்டுவருபவன் பெங்களூருப் பையன், காதில் கடுக்கன், கையில் மேக்புக். மேக்குக்கு ஒரு சுபாவம் உண்டு. ஒவ்வொரு ஃபைலைப் பற்றியும் தனக்கென்று சில குறிப்புகள் வைத்திருக்கும். ஃபேட் 32-இல் அந்தக் குறிப்புகளை வைக்க இடமில்லாததால், அதே பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஓர் அடிக்கோடும் போட்டு, இன்னொரு குட்டி ஃபைலாகப் பக்கத்தில் வைத்துவிடும். மேக் திரையில் அது கண்ணுக்குத் தெரியாது. ரிமோட்டுக்கோ மறைவானது, வெளிப்படையானது என்ற பேதமே கிடையாது, எல்லாவற்றுக்கும் தரிசனம்.

"அண்ணா, ரெண்டு பிள்ளையார் இருக்குதுண்ணா. எதை ஓட்டறது?" என்றான் என் ஆபரேட்டர்.

ஒன்று 40 எம்பி, மூலவர். இன்னொன்று 4 கேபி, உற்சவர். உற்சவர்தானே முன்னால் வருவார்? பட்டியலிலும் அவரே முன்னால். பையன் உற்சவரைத் தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்தினான். ரிமோட் சீன ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு நின்றுகொண்டது. தேக்குப் பலகை பூட்டி, பிட் மாட்டி, தூசி உறிஞ்சி போட்டு, எல்லோரும் கைகட்டி நிற்கிறோம். சாமி புறப்படவில்லை.

தப்பு யார்மேலும் இல்லை, அதுதான் எரிச்சல். மேக் தன் ஆசாரத்தைச் செய்தது, ரிமோட் தன் ஆசாரத்தைச் செய்தது. பென்டிரைவைத் துழாவினால் இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள். டாட் ட்ராஷஸ், டாட் ஸ்பாட்லைட், டாட் எஃப்எஸ்ஈவென்ட்ஸ்டி. பரிவார தேவதைகள். ஒரு கதவுப் பிள்ளையார் கேட்டால் பிராகாரத்தோடு முழுக் கோயிலே வந்து இறங்கியிருக்கிறது. சண்டிகேஸ்வரர் ஒருவர்தான் பாக்கி. ஒவ்வொரு காலையும் ஆபரேட்டர் நிர்மால்யம் களைவதுபோல் இவற்றை அழிக்க, மாலையில் கடுக்கன் பையன் பென்டிரைவை மறுபடி மேக்கில் சொருகி மறுபிரதிஷ்டை செய்துவிடுவான். டாட்கிளீன் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அடித்தால் உற்சவர்கள் மறைவார்கள் என்று அவனே சொன்னான். ஏன் அடித்துக் கொண்டுவரவில்லை என்றேன். "மறந்துட்டேன் சார், உங்ககிட்ட விண்டோஸ் இல்லையா?" விண்டோஸ் இருக்கிறது. எக்ஸ்பி. அது அன்றைக்குச் சின்ன மெஷினில் தாமரை வெட்டிக்கொண்டிருந்தது. நடுவில் தொட்டால் இதழ் போய்விடும். சரி என்று ஆபரேட்டர் பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினான். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் சொருகிய பென்டிரைவ் எப்படித் திரும்பி வரும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உற்சவர்கள் போயிருந்தார்கள். மூலவர் ஷார்ட்கட் ஆகியிருந்தார்.

இந்த லட்சணத்தில், புது மானிட்டர் ஒன்று ஆர்டர் செய்தால் கூரியர்காரர் அதைப் பெங்களூரு விமான நிலையம் பக்கத்து இன்னொரு பாகலூருக்குக் கொண்டுபோய்விட்டு, "வீடு பூட்டியிருக்கு சார்" என்று போன் செய்கிறார். நான் இங்கே வாசலில் நிற்கிறேன்.

எங்கே விட்டேன்? ஆம், அளவு. மாமா அதில்தான் முதல்முறையாகக் கம்ப்யூட்டரை மதித்தார். சிற்ப சாஸ்திரத்தில் ஒரு தாலம் 12 அங்குலம். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாலம் என்றால் 124 அங்குலம். அந்த அங்குலம் கடையில் விற்கிற ஸ்கேலின் இஞ்ச் அல்ல. சிலை எத்தனை உயரமோ அதைப் பங்கிட்டு வருவது. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலை நறுக்கை மடித்தே இந்தப் பங்கைப் பிரிப்பார்கள், ஒடியோலை என்று பெயர். திரையில் செய்த சிற்பத்தை எஸ்டிஎல் ஃபைலாக எடுத்தால் அதிலும் அலகு கிடையாது, வெறும் எண்தான். மில்லிமீட்டரா, இஞ்சா, முழமா என்று அந்த ஃபைலுக்கே தெரியாது. மூன்றடிப் பிள்ளையார் வெட்டும் மென்பொருளில் கடுகளவாக வந்து நின்றபோது நான் தலையில் கை வைத்தேன். மாமா மட்டும், "சரியாத்தான் இருக்கு. பங்கு சரியா இருந்தா பெருசு பண்ணிக்கலாம்" என்றார்.

கண்ட்ரோல் இசட்டைக் காட்டியபோதுதான் அவர் முகம் மாறியது. கல்லில் மூக்கு போனால் சிலை போயிற்று. இங்கே மூக்கை நூறு தடவை உடைத்து ஒட்டலாம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கண் திறந்தப்புறமும் இது செல்லுமா?" என்றார். யாராவது ஆகமம் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள், நான் மாமாவிடம் சொல்லிவிடுகிறேன்.

எதை வாங்குவது என்று சொல்ல உட்கார்ந்தேன், அதற்குள் வாடிக்கையாளர் வந்துவிட்டார். சர்ஜாபூர் ரோட்டில் மூன்று படுக்கையறை வீடு. போனை நீட்டி ஒரு பிள்ளையாரைக் காட்டினார். "இந்த டிசைன் ஃபைல் ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்குது சார். ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கினா ஆயிரக்கணக்குல சாமி தர்றாங்க. வெட்டறதும் மெஷின்தான். நீங்க எதுக்கு இவ்வளவு சொல்றீங்க?"

போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். காலடியில் மூஞ்சூறு, வாலை இடப்பக்கமாக இரண்டு சுற்று சுருட்டி, நுனியை மட்டும் மோதகத்தின்மேல் போட்டிருந்தது. அந்த வாலை அப்படிச் சுருட்டுகிறவன் நான் அறிந்தவரை ஒருத்தன்தான். கடுக்கன் வழியாகப் போனதா, ஜெராக்ஸ் கடை வழியாகப் போனதா, பிள்ளையாருக்கே வெளிச்சம்.

"நல்ல வேலை. யார் செஞ்சதுன்னு கேட்டீங்களா?" என்றேன்.

"அதெல்லாம் யாருக்கு சார் தெரியும்? இதை அப்படியே வெட்டித் தர எவ்வளவு?"

முதலில் சொன்ன விலைக்குமேல் இரண்டாயிரம் கூட்டிச் சொன்னேன். ஏன் என்றார். வால் வேலை ஜாஸ்தி என்றேன்.