பழைய கணக்கே பக்கா

தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தால் திட்டம் போடுவது எப்போது? ஒன்றிய அரசின் தெளிவே தெளிவு. மக்களவையில் மாநிலத்துக்கு எத்தனை இடம்? 1971 மக்கள்தொகைக் கணக்கு. தொகுதி எல்லை? பெரும்பாலும் 2001. ரேஷன் அரிசி எத்தனை பேருக்கு? 2011. ஆக, ஒரே குடிமகன் ஓட்டுக்கு இந்திரா காந்தி காலத்தவர், சோற்றுக்கு மன்மோகன் சிங் காலத்தவர்.

2021-இல் எண்ணக் கிளம்பியவர்களைக் கொரோனா மறித்தது. அதே ஆண்டு வீடு வீடாக ஓட்டுக் கேட்டவர்களுக்கு மட்டும் வழிவிட்டது. கிருமிக்கும் ஜனநாயகப் பற்று உண்டு.

2012-இல் பிறந்த பிள்ளைக்கு மீசை அரும்பப் போகிறது. அரிசிக் கணக்கில் அவன் இன்னும் பிறக்கவில்லை. கவலை வேண்டாம், அவன் வாங்கும் பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி இன்றைய தேதியில்தான்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்தாயிற்று. அதுவரை யாரும் அவசரப்பட்டுப் பிறந்துவிடாதீர்கள்.