விண்கலம் சுங்கை சிப்புட்டில் இறங்கினால் விமர்சனம் எழுதுவது எப்படி?

முதலில் நாவலைப் பிடிக்க வேண்டும். அதற்காக ஈப்போவில் கடை கடையாக ஏறி இறங்காதீர்கள். இங்கே மலேசியாவில் தமிழ் நாவல் என்பது பெரும்பாலும் எழுதியவரே கைக்காசு போட்டு அச்சடித்தது. அவர் வீட்டு சோபாவுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாகத் தூங்கும். வெளியீட்டு விழா அன்று ஒரு டத்தோ முதல் நூல் வாங்குவார். பின்னால் நீங்களும் உறையோடு வரிசையில் நில்லுங்கள். வந்திருந்த பிரமுகர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டால் பாதி விமர்சனம் முடிந்தது.

மீதிப் பாதிக்கும் படிக்க வேண்டியதில்லை. அறிவியல் புனைகதையா? ரோபோ வந்தால், சுஜாதாவின் ஜீனோ போல இல்லை என்று எழுதுங்கள். விண்கலம் சுங்கை சிப்புட்டில் இறங்கினால், அது முன்பு ரப்பர் தோட்டமா செம்பனையா என்று கேளுங்கள். வேற்றுக்கிரகவாசி விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்தானா, பால் வெட்டத் தெரியுமா? "தோட்டப்புற அவலத்தைச் சொல்லத் தவறிவிட்டார்" என்ற வரி எந்த நாவலுக்கும் பொருந்தும். சுதாகர் கஸ்தூரி 6174 என்ற எண்ணையே தலைப்பாக்கி ஒரு நாவல் எழுதியிருக்கிறார். நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எந்த எண்ணையும் எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையைத் திரும்பத் திரும்பக் கழித்தால் ஏழு தடவைக்குள் 6174 வந்துவிடும் என்று கண்டுசொன்னவர் கப்ரேக்கர். நம் விமர்சகர்களும் அப்படித்தான், எந்தக் கிரகத்தில் தொடங்கினாலும் தோட்டத்தில் வந்து நிற்பார்கள்.

மாயக்கதை என்றால் "நம்பும்படி இல்லை" என்று ஒரு போடு போடுங்கள். ஆனால் அதற்கு முன் பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகையைப் பார்க்கப் போய்விடாதீர்கள், மனசு மாறிவிடும். மின்தூக்கிக்கெல்லாம் இடம் விட்டுக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் துரை, 1926இல் லிஸ்பனில் இறந்துபோக, மாளிகை பாதியில் நின்றது. தமிழ்த் தொழிலாளர்கள் கேட்டு அவர் கட்டித் தந்த மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் கூரையில் சாமிகளோடு துரையும் சிலையாக நிற்கிறார். இதை ஒருவர் நாவலில் எழுதியிருந்தால் விடுவீர்களா?

யாங்சி சூ ஆங்கிலத்தில் எழுதிய 'தி நைட் டைகர்' 2019இல் வந்தது. 1931ஆம் ஆண்டின் கிந்தாப் பள்ளத்தாக்கு, மனிதன் புலியாக மாறும் நம்பிக்கை, எல்லாம் நம்ம ஊர்ச் சரக்கு. அதைத் தாராளமாகப் புகழலாம். அதையே ஒருவர் தமிழில் எழுதினால், புலிக்கு எந்தத் தோட்டம், என்ன சம்பளம் என்று கேட்க மறக்காதீர்கள்.

விமர்சனம் வெளியானதும் எழுத்தாளர் போன் செய்வார். "அண்ணே, முடிவு எப்படிண்ணே?"

"பிரமாதம் லா!"

"எந்த முடிவுண்ணே? நான் ரெண்டு எழுதியிருந்தேனே?" என்றால், லைன் சரியில்லை என்று வைத்துவிடுங்கள்.