ஓராள் கம்பெனி

"எங்க டீம்கிட்ட பேசிட்டுச் சொல்றேன் சார்" என்று அவர் போனில் சொன்னால், அந்த டீம் கைலியோடு மொட்டைமாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சென்னை ஓ.எம்.ஆரில் பல வருடம் ஜாவா எழுதியவர். மேனேஜர் தொல்லை தாங்காமல், 90 நாள் நோட்டீஸ் பீரியடைப் பல்லைக் கடித்து ஓட்டிவிட்டு வெளியே வந்தார். இப்போது வெப் டெவலப்மென்ட் கன்சல்டன்ட். வந்ததும் சேல்ஸ், சப்போர்ட், அக்கவுண்ட்ஸ் என்று மூன்று மெயில் ஐடி உண்டாக்கினார். மூன்றும் ஒரே இன்பாக்ஸில் வந்து விழும். பாக்கி நின்றுபோனால் அக்கவுண்ட்ஸ் கறாராக எழுதும். பார்ட்டி கோபித்துக்கொண்டால் சி.இ.ஓ. போன் போட்டு, "அவங்க அப்படி எழுதியிருக்கக் கூடாது சார். கண்டிச்சுட்டேன்" என்பார்.

பார்ட்டி என்றால் பெரும்பாலும் ஸ்வீட் ஸ்டால் முதலாளி. "அமேசான் மாதிரி ஒண்ணு வேணும் தம்பி. சிம்பிளாப் போதும்." நம்மவர் வேர்ட்பிரஸ்ஸை ஏற்றி, தீமின் நீலத்தை மெரூனாக்குவார். பில்லில் அதற்குப் பெயர் 'கஸ்டம் டெவலப்மென்ட்'. மைசூர்பாகு படங்கள் வாட்ஸப்பில், குட்மார்னிங் ரோஜாக்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக வரும். டொமைனோ பழைய டெவலப்பர் பையன் பெயரில் இருக்கும். அவன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அவனைத் துப்பறிந்து பிடிப்பதும் கன்சல்டிங்கில் சேர்த்திதான். அதற்குத் தனி பில் கிடையாது.

சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். இவருடைய வரவு அந்தப் பக்கமே போனதில்லை. ஆனாலும் பில்லில் நம்பர் இருந்தால் ஒரு கெத்து என்று எடுத்துவைத்தார். 18 சதவீதத்தைப் பார்த்த முதலாளி, "பில் இல்லாமப் பண்ணிக்கலாமே தம்பி" என்றார். பிறகென்ன, ஒன்றுமே வராத மாதத்திலும் ஒன்றும் வரவில்லை என்று ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஹோம் லோனுக்குப் போனால் பேங்க்காரர் சேலரி ஸ்லிப் கேட்கிறார். மாமனாரோ விசேஷ வீடுகளில், "மாப்பிள்ளை இப்ப வீட்லதான் இருக்கார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். தீபாவளி ஆர்டர் குவிந்து நள்ளிரவில் சைட் படுத்துவிட்டால், டிக்கெட் நம்பர் கொடுத்துக் காத்திருக்க வைக்காமல் எழுந்து உட்கார்ந்து சரிசெய்கிறவர் இவர். பெரிய கம்பெனியில் அந்நேரத்துக்கு மன்னிப்பு மெயில்தான் வரும்.

போன மாதம் உதவிக்கு ஒரு பையனைச் சேர்த்தார். ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று அவன் தலையைச் சொறிந்தபோது, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எச்.ஆருக்கு மெயில் போடுப்பா."

"எச்.ஆர். யாருண்ணே?"

"நீ போடு. பதில் வரும்."