சிவப்பைக் கண்டால் சிரிக்கிறவர்

திரை சிவந்தால் மென்பொருள் அலுவலகத்தில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். இவர் ஒருவர்தான் கையைத் தேய்த்துக்கொண்டு, "ஆஹா, ஃபெயில் ஆயிடுச்சு!" என்பார். சோழிங்கநல்லூரோ சிறுசேரியோ, டீமுக்கு ஒருவர் இப்படி வாய்த்துவிடுகிறார். டிடிடி, அதாவது டெஸ்ட் டிரிவன் டெவலப்மென்ட் பக்தர். கோட் எழுதுவதற்கு முன்னால் அதைச் சோதிக்கும் டெஸ்ட்டை எழுத வேண்டும், அந்த டெஸ்ட் தோற்க வேண்டும், தோற்ற பிறகுதான் கோடில் கை வைக்கலாம் என்பது இவர் கட்சி.

புதிதாகச் சேர்ந்த பையன் மாட்டினால் லீப் வருடத்தில் பாடம் தொடங்கும். 2024 லீப் வருடமா என்று ஒரு டெஸ்ட். ஃபங்ஷனே இன்னும் பிறக்கவில்லை என்பதால் சிவப்பு. பரம திருப்தி. "இப்ப இதைப் பாஸ் ஆக வை தம்பி." பையன் நாலு, நூறு, நானூறு என்று வகுத்து முழுக் கணக்கையும் ஒரே வரியில் தட்டுவான். இவர் பதறிப்போய் அத்தனையையும் அழிப்பார்.

"யாரு கேட்டா இதையெல்லாம்? ட்ரூன்னு மட்டும் ரிட்டர்ன் பண்ணு."

"எந்த வருஷம் குடுத்தாலுமாண்ணா?"

"எந்த வருஷம் குடுத்தாலும்."

பச்சை. அடுத்து 2023-க்கு ஒரு டெஸ்ட், மறுபடி சிவப்பு. இப்போதுதான் நாலால் வகுக்க அனுமதி. 1900 வந்தால் நூறுக்கு வழி பிறக்கும், 2000 வந்தால் நானூறுக்கு. பையன் முதலில் தட்டிய அதே வரிக்கு இருவரும் வந்து சேரும்போது கேன்டீனில் சாம்பார் தீர்ந்திருக்கும். (பையனின் வரியில் 1900 தப்பாகியிருந்தால் யார் கவனித்திருப்பார்கள் என்பது நியாயமான கேள்விதான். அதை மட்டும் இவர் சொல்லிக்கொடுக்க மறந்துவிடுவார்.)

சாப்பாட்டு மேசையில் தலபுராணம். 1997-இல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் ஜூரிக்கிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் ஜேயூனிட் என்ற டெஸ்ட் கருவியை எழுதிய கதையை, நடு சீட்டில் தானும் உட்கார்ந்து போன தோரணையில் சொல்வார். டிடிடியைத் தாம் கண்டுபிடித்ததாகப் பெக் சொல்லிக்கொள்வதில்லை, பழைய ஒன்றை மறுபடி கண்டெடுத்தேன் என்பதே அவர் பேச்சு. பக்தருக்கு அந்த அடக்கமெல்லாம் கிடையாது. ரூபி ஆன் ரெயில்ஸை உருவாக்கிய டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2014-இல் டிடிடி செத்துவிட்டதாக எழுதினாரே, அந்தப் பேச்சை இவரிடம் எடுத்துவிடக் கூடாது. தயிர்சாதம் காய்ந்துபோகும்.

"டெஸ்டெல்லாம் ஃபேஸ் டூல பாத்துக்கலாம் ஜி" என்பார் மேனேஜர். ஃபேஸ் டூ வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் இவர் எஸ்டிமேட்டில் டெஸ்ட்டைத் தனி வரியாகப் போடவே மாட்டார், போட்டால்தானே வெட்டுவார்கள்! கிளையன்ட் 80 சதவீதம் கவரேஜ் கேட்ட வாரம்தான் இவருக்குத் துக்க வாரம். மற்றவர்கள் எல்லா ஃபங்ஷனையும் ஒருமுறை கூப்பிட்டு, வந்த விடையைப் பார்க்காமலே விடுகிற டெஸ்டுகளாக எழுதித் தள்ளுவார்கள். கவரேஜ் எண்ணும் கருவிக்கு வரி ஓடினால் போதும், விடை அதன் கவலையில்லை. அந்த வாரம் முழுக்க இவர் யாருக்கும் குட்மார்னிங் சொல்வதில்லை.

இவருடைய டெஸ்டுகளிலும் ஓர் ஓட்டை உண்டு. வேகமாக ஓட வேண்டுமென்று எல்லாவற்றுக்கும் மாக் வைத்திருப்பார். டேட்டாபேஸ் போலி, பேமென்ட் கேட்வே போலி, கடிகாரம்கூடப் போலி. போலிகள் தங்களுக்குள் சண்டை போடுவதில்லை, ஆகவே பச்சைப் பசேல். வெள்ளிக்கிழமை இரவு ரிலீஸ். நிஜ கேட்வே தொகையைப் பைசாவில் கேட்கும், இவருடைய போலியோ ரூபாயிலேயே சமாதானமாகியிருக்கும். 500 ரூபாய்ச் சட்டைக்கு வாடிக்கையாளர் கணக்கில் 5 ரூபாய் பிடித்தம்.

"நூறால பெருக்குய்யா, ஒரு வரிதானே!" என்று மேனேஜர் போனில் கத்துவார்.

"இருங்க ஜி. இது ஃபெயில் ஆகுதான்னு மொதல்ல ஒரு டெஸ்ட் எழுதிக்கிறேன்."

எழுதுவார். சிவக்கும். பெருக்குவார். பச்சையாகும். அதோடு விடாமல் அந்த மாறிக்கு 'தொகை' என்று இருந்த பெயரைத் 'தொகை பைசாவில்' என்று மாற்றி, மறுபடி ஓட்டிப் பார்ப்பார். அந்தப் பிழை அந்தக் கம்பெனியில் இனி தலைகாட்டாது, அது உண்மை. அவர் மெர்ஜ் செய்வதற்குள் விற்பனைப் பிரிவிலிருந்து மெயில் வந்திருக்கும்: இன்றிரவு வரலாறு காணாத விற்பனை, டெக் டீமுக்கு நெஞ்சார்ந்த வாழ்த்துகள்.