முதலில் விசா, பிறகு காதல்

‘காஸாபிளாங்கா’வை உலகின் தலைசிறந்த காதல் படம் என்று எழுதியவர்கள் யாரும் விசாவுக்கு விண்ணப்பித்திருக்க மாட்டார்கள். மகளைப் பார்க்க லண்டன் போவதற்காக வங்கிக் கணக்கு, வருமான வரி, வீட்டுப் பத்திரம், பத்து விரல் ரேகை என்று வாழ்க்கை வரலாற்றையே கோப்பாகக் கட்டிக் கொடுத்தவன் நான். அங்கே பழைய படங்கள் போடும் ஒரு தியேட்டரில் இதைப் பெரிய திரையில் பார்த்தபோது, ஆரம்பத்திலேயே விளங்கிவிட்டது. இது விசா படம். காதல் பக்கவாத்தியம்.

கதை 1941 டிசம்பரில் நடக்கிறது. நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்கள் மொராக்கோவின் காஸாபிளாங்காவில் தேங்கிக் கிடக்கிறார்கள். அங்கிருந்து லிஸ்பன், லிஸ்பனிலிருந்து அமெரிக்கா. ஊரைவிட்டு வெளியேற அனுமதிச் சீட்டு வேண்டும். அது கிடைக்காதவர்கள் கதாநாயகன் ரிக்கின் விடுதியில் உட்கார்ந்து நகையை விற்கிறார்கள், சூதாடுகிறார்கள், அதிகாரியிடம் கெஞ்சுகிறார்கள். இதற்கிடையே, யாரும் கேள்வி கேட்க முடியாத இரண்டு பயணக் கடிதங்கள் ரிக்கிடம் வந்து சேர்கின்றன. அவற்றைப் பியானோவுக்குள் ஒளித்து வைக்கிறார். நிஜத்தில் அப்படியொரு கடிதம் எந்த நாட்டிலும் இருந்ததில்லை. மூல நாடகத்தை எழுதியவர்களின் கற்பனை. போட்டோ இல்லை, நோட்டரி முத்திரை இல்லை, பெயரைக்கூட விமான நிலையத்தில் வைத்துத்தான் நிரப்புகிறார்கள்! பக்கத்து இருக்கையில் என் மனைவி விட்ட பெருமூச்சு கதாநாயகி இங்க்ரிட் பெர்க்மனுக்காக அல்ல.

பெரிய திரையில் ஒரு சங்கடம், கண் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போகிறது. வதைமுகாமிலிருந்து தப்பி வந்த, கதாநாயகியின் கணவர் லாஸ்லோவின் வெள்ளை சூட்டில் ஒரு கசங்கல் இல்லை. ரிக்காக வரும் ஹம்ஃப்ரி போகார்ட்டைவிட பெர்க்மன் கொஞ்சம் உயரம், அதனால் போகார்ட்டுக்கு அடிக்கட்டை உயர்த்திய ஷூ. மனமுருகப் பியானோ வாசிக்கும் சாம், அதாவது டூலி வில்சன், உண்மையில் டிரம்ஸ் வாசிப்பவர். பியானோ வாசிக்கத் தெரியாது. இதெல்லாம் தெரிந்தபிறகும் அவர் பாட ஆரம்பித்ததும் தியேட்டரே பாப்கார்ன் மெல்லுவதை நிறுத்திவிட்டது, நான் உட்பட.

எல்லோரும் பிரெஞ்சு தேசிய கீதம் பாடும் காட்சி வந்தது. வீட்டு டிவியில் இது ஒரு பாட்டு, அவ்வளவுதான். திரையில் பார்த்தால் ஒவ்வொரு முகமும் தனித்தனியாகத் தெரிகிறது. கண்ணீர் வழியப் பாடும் இவான், ரிக் கழற்றிவிட்ட பெண். நடித்தவர் மாடலின் லபோ, அப்போது 19 வயது. 1940இல் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழையும் முன் கணவரோடு கிளம்பி, லிஸ்பன் வந்து, சிலி நாட்டு விசா வாங்கிக் கப்பலேறினார். மெக்சிகோவில் சோதித்தபோது விசா போலி என்று தெரிந்தது. பிறகு தற்காலிக கனடா பாஸ்போர்ட்டில் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். திரைக்கதை எழுதியவர்களே இதைவிட நன்றாக யோசித்திருக்க முடியாது.

அந்தக் கணவர் மார்செல் டாலியோவும் இதே படத்தில்தான் இருக்கிறார். பிரான்ஸில் கதாநாயகன், இங்கே சூதாட்ட மேஜைக்காரர், டைட்டிலில் பெயர்கூடக் கிடையாது. இங்கே சூதாட்டமா நடக்கிறது என்று போலீஸ் அதிகாரி ரெனோ அதிர்ச்சியடைந்து விடுதியை மூடச் சொல்லும்போது, அவர் ஜெயித்த பணத்தைப் பணிவாகக் கொண்டுவந்து நீட்டுபவர் இவர். (ரெனோவாக வரும் கிளாட் ரெய்ன்ஸ் போன்ற அதிகாரியை நம்மில் பார்க்காதவர் இல்லை, ஆனால் இவ்வளவு நாசூக்காக வாங்கத் தெரிந்தவரைப் பார்த்ததில்லை.) படப்பிடிப்பு முடிவதற்குள் டாலியோ விவாகரத்துக்கு மனுப் போட்டுவிட்டார். வில்லன் ஜெர்மன் மேஜராக நடித்த கான்ராட் வைட், யூத மனைவியோடு ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். மேக்கப் போட்ட நாஜிகளில் பலர் நிஜ நாஜிகளுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள்.

கடைசியில் விமான நிலையம். பின்னால் நிற்கும் விமானம் அட்டையில் செய்த சிறு மாதிரி. அது பெரிதாகத் தெரிய, மெக்கானிக் வேஷத்தில் குள்ளமானவர்களை நிறுத்தி, மூடுபனியைக் கிளப்பிவிட்டார்கள். அட்டைதான் என்று தெரிந்தே மூக்கை உறிஞ்சினேன். மனைவியோ வேறு கோபத்தில் இருந்தார்.

“ஏங்க, அவ யாரோட போகணும்னு ரெண்டு ஆம்பளைங்களும் பேசி முடிச்சுட்டாங்க. பொண்ணை யாராவது கேட்டாங்களா?”

“படம் எடுத்தவங்களே அதை பெர்க்மன்கிட்ட ரொம்ப நாள் சொல்லலையாம். ரெண்டு பேரையும் நடுநிலையா காதலின்னுட்டாங்களாம்.”

“அதுவும் ஏர்போர்ட் வந்த பிறகா சொல்றது? பொட்டியெல்லாம் கட்டினப்புறம்!”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சிறந்த படம், இயக்கம், திரைக்கதை என்று 3 ஆஸ்கர் கொடுத்த குழுவிடமும் இருந்திருக்காது.

வாய்ப்புக் கிடைத்தால் பெரிய திரையில் பாருங்கள். மொத்தமே 102 நிமிடம்தான். ஆனால் அந்த ஊர் தியேட்டர்களில் இடைவேளை விட மாட்டார்கள். காபி, டாய்லெட் எல்லாவற்றையும் முன்னாடியே முடித்துக்கொண்டு போய் உட்காருங்கள்.